நுஸைபாவின் மூன்றாவது டிஸ்க்

பேகம்பூரில் நுஸைபாவின் வீட்டு உள்ளறையில், துணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கறுப்புக் கணினிப் பெட்டி ஏழு வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. மடிக்கணினியிலிருந்து ஒரு கம்பி அதற்குப் போகும், அவ்வளவுதான். வீட்டில் அதைப் பொட்டி என்றார்கள். உள்ளே ஐந்து ஹார்ட் டிஸ்க்குகள். அந்த ஐந்திலும் சேர்த்து நூற்று அறுபத்து மூன்று கல்யாணங்களின் பெண்கள் பக்கம் இருந்தது.

கல்யாண மஹாலில் ஆண்கள் பக்கத்தை யார் வேண்டுமானாலும் படம் எடுப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் முக்காட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்து பேசி, பாடி, சம்பந்தியைக் கேலி செய்து, சிலர் ஆடவும் ஆடுகிற இடத்துக்குள் கேமராவோடு போக திண்டுக்கல்லில் இரண்டு மூன்று பெண்கள்தான் உண்டு. நுஸைபா அவர்களில் ஒருத்தி. அவள் எடுத்த படங்கள் சிறப்பானவை என்று சொல்ல முடியாது. மணப்பெண்ணின் முகத்தில் வெளிச்சம் எப்போதும் கூடுதல். காரணமே இல்லாமல் நகைக்குக் கிட்டே போய்விட்டுத் திரும்புவாள். ஆனால் அவளைக் கூப்பிட்டவர்கள் படத்துக்காகக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு மஹாலிலும் வேலையைத் தொடங்குமுன் மைக்கை வாங்கி ஒரு விஷயம் சொல்வாள்: "இதுல எடுக்குறது எதையும் ஆம்பள கண்ணு பாக்காது. நெட்டுல ஏறாது. கல்யாண வீட்டையும் என் வீட்டையும் விட்டு வெளிய போகாது. இது அமானிதம்." நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பது என்ற அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் கிழவிகளும் முக்காட்டைத் தளர்த்துவார்கள்.

வெட்டி ஒழுங்கு செய்த படம் பென் டிரைவில் அந்தந்த வீட்டுக்குப் போய்விடும். வெட்டாத முழுப் படம் பொட்டியில் இருக்கும். "எங்க நாத்தனா அதுல இல்லவே இல்ல" என்று ஆறு மாதம் கழித்துச் சண்டைக்கு வருகிறவர்களுக்காக அது தேவைப்பட்டது.

எட்டு வருடத்துக்கு முன் ஊரில் வேறொரு ஸ்டுடியோ தன் பழைய டிஸ்க் ஒன்றை இரும்புக் கடையில் போட்டது. யாரோ அதை எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். நுஸைபாவின் சின்னம்மா மகள் ஷாஹினா ஒரு கல்யாணத்தில் ஆடிய இரண்டு நிமிடம் பேருந்து நிலையம் வரை கைபேசிகளில் சுற்றியது. ஷாஹினா ஒரு வருடம் வாசலுக்கு வரவில்லை. அதிலிருந்து நுஸைபா ஒரு விதி வைத்துக்கொண்டாள்: ஒரு டிஸ்க் கெட்டால், அன்றைக்கே, அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் அதில் மூன்று துளை போட்டுவிட வேண்டும். ஏழு வருடத்தில் இரண்டு டிஸ்க்குகள் அப்படித் துளைபட்டன. இந்த விதியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பிறர் போட்ட நிபந்தனை என்றால் அவர்களிடமே போய்த் தளர்த்திக்கொள்ளலாம். தானே போட்டுக்கொண்டதைத் தளர்த்தக் கேட்பதற்கு ஆள் கிடையாது.

போன பிப்ரவரியில் ஜெய்தூன் பீவி அவள் வீட்டுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். காலையில் இடியாப்பம் விற்பவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஷப்னம் கொரோனாவின் இரண்டாவது வருடத்தில், இருபது வயதில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். சுற்றிக் கட்டியதைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். முகத்தைப் பார்க்காமலே அடக்கம் நடந்தது. ஷப்னத்துக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. யாராவது கைபேசியைத் தூக்கினால் எழுந்து போய்விடுவாள். ஆதார் அட்டையில் ஒரு முகம் இருந்தது. அது யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

"நுஸைபா, ரஃபியா மக கல்யாணத்த நீதானே எடுத்த?"

"ஆமா மாமி."

"என் பிள்ள அன்னைக்கு மருதாணித் தட்டத் தூக்கிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் திரிஞ்சா. ரஃபியாகிட்ட பென் டிரைவ வாங்கி, பக்கத்து வீட்டு டிவியில போட்டுப் பாத்துட்டேன். அம்புட்டுப் பேரும் இருக்காக. அவ மட்டும் இல்ல."

"வெட்டாதது என்கிட்ட ஆறு மணி நேரம் கெடக்கு மாமி. அதுல கண்டிப்பா இருக்கும். உக்காருங்க, இப்பவே போடுறேன்."

ஜெய்தூன் பீவி கையை நீட்டித் தடுத்தார். "இப்ப வேணாம் புள்ள. ரெண்டு கண்ணுலயும் புரை. நீ நிக்கிறது தெரியுது, ஒன் மூக்குத் தெரியல. மதுரையில ஆபரேஷனுக்கு நாள் குடுத்துருக்காக. ஒரு கண்ணு முடிஞ்சு ஒரு மாசம், அப்பறம் அடுத்தது. தெளிஞ்சதும் வாரேன். மங்கலாப் பாத்து, மங்கலாவே மனசுல தங்கிருச்சுன்னா நான் என்ன செய்ய?"

மே மாதம் மூன்றாவது வெள்ளி, ஜும்மா தொழுகைக்குப் பிறகு என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பகுதியை மட்டும் அன்றே தேடி எடுத்து மடிக்கணினியில் தனியே வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நுஸைபா வைக்கவில்லை. வெட்டாத படத்துக்குப் பொட்டிக்கு வெளியே பிரதி என்பதே கிடையாது என்று பழகியிருந்தாள்.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் கல்யாணங்கள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை, பொட்டி தானாக நின்று தானாக மறுபடி ஓடியது. கரண்ட் கோளாறு என்று விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து, மடிக்கணினியில் ஐந்து டிஸ்க்குகளின் பட்டியலில் மூன்றாவது சிவப்பாக இருந்தது. அப்படி ஒரு டிஸ்க் இல்லை என்று அர்த்தம். அணைத்து, கம்பியைக் கழற்றி மாட்டினாள். வந்துவிட்டது.

நுஸைபா கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றவள். பிறகு நாகல் நகரில் ஒரு கணினி மையத்தில் ஆறு மாதம் படத்தொகுப்பு கற்றாள். பொட்டியைப் பற்றிய மற்றதெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. அவள் கற்றதில் முக்கியமானது ஒன்றுதான்: படங்கள் ஐந்து டிஸ்க்கிலும் பிரித்துப் பிரித்து எழுதப்படுகின்றன, ஒரு டிஸ்க் போனால் மற்ற நான்கைக் கொண்டு புது டிஸ்க்கில் அதை மறுபடி எழுதிவிடலாம், இரண்டு ஒன்றாகப் போனால் எதுவுமே இல்லை.

ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்தாள். தேதி, நேரம், எந்த டிஸ்க், திரையில் வந்த ஆங்கில வரி எழுத்து மாறாமல். டேட்டா கேபிளை மாற்றினாள். நான்கு நாள் தாங்கியது. மூன்றாவதன் கேபிளைப் பொட்டிக்குள் வேறு செருகுமிடத்தில் மாட்டினாள். இரண்டு நாள் தாங்கியது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கையும் எடுத்து எழுதினாள். மூன்றாவதில் பழுதான இடங்கள்: பூஜ்யம். மின்சாரம் போய் மறுபடி வந்த எண்ணிக்கை: 212. மூன்று வாரம் கழித்து 267. இடையில் ஒருநாள் ஐந்தாவது டிஸ்க்கும் ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பியது. அதையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நோட்டு ஒழுங்கான நோட்டு. வேண்டிய சாட்சி முழுவதும் அதில் இருந்தது. ஆனால் ஏப்ரல் கடைசிக்குள் மூன்றாவது டிஸ்க்தான் குற்றவாளி என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதன் பிறகு எழுதியதெல்லாம் அந்த முடிவுக்குக் கீழே போட்ட கையெழுத்துகள்தான்.

சாலை ரோட்டில் கணினி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சேதுபதிதான் முதலில் அந்தப் பொட்டியைக் கட்டிக் கொடுத்தவன். புது டிஸ்க் வாங்க அவனிடம் போனாள்.

"டிஸ்க்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீகளா? பொட்டியக் கொண்டாங்கக்கா. செத்த நேரத்துல பாத்துச் சொல்லிர்றேன்."

"பொட்டி வெளிய வராது தம்பி. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் வாரேன். ஒங்க வீட்டு அண்ணன் ஊருல இருக்கும்போது வாரேன். ஸ்கிரீனே வேணாம், மூடிய மட்டும் கழட்டிப் பாக்குறேன்."

"வேணாம்."

"கண்ணக் கட்டிக்கிட்டு வரட்டா?"

"டிஸ்க்க எடுத்துக் குடுடா, போறேன்."

"எங்க ஆத்தாவும் இப்பிடித்தான். பல்லு வலிக்கி டாக்டருகிட்ட வாயத் தொறக்க மாட்டேன்னுட்டு, என்னிய அனுப்பி மாத்திரை வாங்கும். கடைசில பூராப் பல்லையும் புடுங்குனாக." சிரித்துக்கொண்டே டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தான். அவளும் சிரித்துவிட்டுத்தான் வாங்கிவந்தாள்.

மே ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு மூன்றாவதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். மறுபடி எழுதும் வேலை தொடங்கியது. முப்பது மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. கழற்றிய டிஸ்க்கை ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி அடுப்படி அலமாரியில் வைத்தாள்.

அவள் கணவன் நூர் அகமது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். அன்று விடியலில் வந்து படுத்து, பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு எழுந்தான். சாயங்காலம் மறுபடி லோடு. நான்கு நாள் கழித்துத்தான் திரும்புவான். அவன் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, நுஸைபா டிரில் மெஷினையும் கைக்குட்டையையும் கொல்லையில் துவைக்கிற கல் மேல் கொண்டுவந்து வைத்தாள்.

"இது யாரு, மூணாமவரா?"

"ஆமா. கிண்டல் பண்ணாமப் போடுங்க."

"இவருதான்னு நல்லாத் தெரியுமா?"

"மூணு வாரமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் போகுது. ஒருதடவதான் இன்னொண்ணு போச்சு."

நூர் அகமது டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "வண்டியில ஒரு லைட்டு விட்டுவிட்டு எரிஞ்சா பல்ப மாத்துவோம். ரெண்டு லைட்டு மங்குனா பல்பத் தொட மாட்டோம் புள்ள. பேட்டரியப் பாப்போம்."

"இது ஒங்க லாரி இல்ல."

"லாரியா இருந்தா வெங்காயமாச்சும் ஏத்தலாம். சரி, அந்த வேலை பூராவும் முடியட்டுமே. நாளைக்குப் போட்டா என்ன?"

"நாளைக்கு யாரு போடுவா? நீங்க பாலக்காட்டுல இருப்பீக. நாலு நாளு இது வீட்டுல சும்மா கெடக்கணுமா? ஒருநாள்கூட வச்சதில்ல."

அவன் டிரில்லின் வயரைச் செருகினான். டிரில் இறங்கியபோது முதலில் அலுமினியத் துருவல் வந்தது. பிறகு உள்ளே ஏதோ உடைந்து சலசலத்தது. மூன்று துளை. நுஸைபா அதைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டாள். மணி நாலரை. நூர் அகமது குளித்துக் கிளம்பினான்.

அன்று வெயில் நாற்பதுக்குக் குறையாது. உள்ளறையில் ஃபேன் காற்றே சுட்டது. ஐந்து டிஸ்க்குகளும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து மணி பத்து நிமிடத்துக்குத் திரையில் பதினேழு சதவீதம் என்று இருந்தது. அப்போது பொட்டி நின்றது. தானாக மறுபடி ஓடத் தொடங்கியபோது உள்ளேயிருந்து 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம் வந்தது. நிற்கும், மறுபடி வரும். பட்டியலில் இரண்டாவது டிஸ்க் இல்லை.

அணைத்துப் போட்டாள். கம்பியை மாற்றினாள். செருகுமிடத்தை மாற்றினாள். சத்தம் மட்டும் மாறவில்லை. பழைய மூன்று டிஸ்க்குகள், பதினேழு சதவீதம் எழுதிய புது டிஸ்க் ஒன்று, டக் டக் என்ற ஒன்று. திரையில் வந்த வரி சின்ன வரிதான். இருந்த படங்கள் இனி கிடைக்காது என்று அதற்கு அர்த்தம். அதையும் நோட்டில் எழுதினாள்.

எழுதிய பிறகு முந்தின பக்கங்களைப் புரட்டினாள். 267-லிருந்து 212-ஐக் கழித்தாள். ஐம்பத்தைந்து. அந்த மூன்று வாரத்தில் பொட்டி எத்தனை தடவை நின்றது என்று எண்ணினாள். ஒன்பது. மீதி நாற்பத்தாறு தடவை, பொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது டிஸ்க்குக்கு மட்டும் மின்சாரம் போயிருக்கிறது. டிஸ்க் தன் மின்சாரத்தைத் தானே அணைத்துக்கொள்ளாது. ஐந்தாவது காணாமல் போன தேதிக்கு எதிரே இருந்த கேள்விக்குறியைப் பார்த்தாள். ஐந்தாவதும் மூன்றாவதும் ஒரே மின்கம்பியிலிருந்து பிரிந்தவை. அவளேதான் போன வருடம் பிரித்து மாட்டினாள்.

மறுநாள் காலை, பொட்டிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சேதுபதி கடைக்குப் போனாள். அதில் யார் முகமும் இல்லை. அதை வெளியே கொண்டுபோகலாம்.

சேதுபதி அதற்கு மின்சுமை கொடுத்து மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய இடத்தில் பத்தே முக்கால் வந்தது. மூடியைக் கழற்றினான்.

"கெப்பாசிட்டரப் பாருங்கக்கா, பூரி கணக்கா உப்பிக் கெடக்கு. ஏழு வருசம் ஓடுனதே பெருசு. இதான் ஒங்க நோயி." அவன் உற்சாகமாக இருந்தான். "டிஸ்க்கெல்லாம் நல்ல டிஸ்க்குக்கா. இது குடுத்த அடியில அந்த ரெண்டாவதுக்குத்தான் உள்ள அடிபட்டுருச்சு போல. பரவால்ல. அந்தப் பழைய மூணாவதத் திரும்ப மாட்டுங்க. புது எஸ்.எம்.பி.எஸ். தாரேன். ஒண்ணுதான் போயிருக்கு, நாலு இருக்கு. எல்லாம் எந்திரிச்சு வந்துரும்."

"அதுல ஓட்ட போட்டாச்சு தம்பி."

"எதுல?"

"மூணாவதுல."

"ஓட்டன்னா?"

"டிரில்லு. மூணு ஓட்ட."

சேதுபதி மீட்டரை மேசையில் வைத்தான். "நேத்து கழட்டுன டிஸ்க்குலயா? நேத்தே போட்டீகளா?"

"நான்தான் போடச் சொன்னேன்."

அவன் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான். பெங்களூரில் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னான். செத்த டிஸ்க்கைத் தூசி இல்லாத அறையில் திறந்து உள்ளே இருப்பதைப் படித்து எடுப்பார்களாம். உறுதி கிடையாது. இருக்கிற எல்லா டிஸ்க்கையும் அனுப்ப வேண்டும்.

"எடுத்ததத் தொறந்து பாப்பாகளா?"

"பாத்துத்தானே வந்துச்சா வரலையான்னு சொல்ல முடியும்."

"பாக்குறது யாரு?"

சேதுபதி பதிலுக்குத் தன் கடைக்குள் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களைத் திரும்பிப் பார்த்தான்.

நுஸைபா ரஃபியாவிடம் போனாள். நூற்று அறுபத்து மூன்று வீட்டிலும் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கல்யாணத்தை மட்டும் தனியே பிரித்து அனுப்ப வழியில்லை. ஆனாலும் ஷப்னம் இருந்தது ரஃபியா வீட்டுக் கல்யாணம். முதலில் அங்கே கேட்பது நியாயம் என்று நினைத்தாள்.

ரஃபியா முழுவதையும் கேட்டுக்கொண்டார். "ஜெய்தூன் அக்காவுக்காக நானுந்தான் அழுகுறேன். ஆனா நுஸைபா, அன்னைக்கு மைக்கப் புடிச்சு என்ன சொன்ன? அத நம்பித்தானே எங்க வீட்டுப் பிள்ளைக ஆடுச்சுக. இப்ப எவனோ ஒருத்தன் தொறந்து, இது வந்துருச்சு அது வரலன்னு எண்ணுவானா?"

"எண்ணுவான்."

"அப்பறம் என்னையக் கேக்க வந்திருக்க?"

ரஃபியா சொன்னதில் பிழை காண முடியாது. ஒருத்தி மறுத்தால் போதும். நுஸைபா இரண்டாவது வீட்டுக்குப் போகவில்லை. இப்போது அவள் எதையும் வைத்துக்கொள்வதில்லை. கல்யாணம் முடிந்த அன்றே கேமராவின் மெமரி கார்டை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருகிறாள். இதற்காக அவளை மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இழப்பதற்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாதவருக்குக் காவல் எளிது.

ஜெய்தூன் பீவிக்குச் சொன்ன வெள்ளிக்கிழமை வர அப்போது இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இரண்டு தெரு நடந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்பது நாளும் காலை இடியாப்பம் வாங்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினாள்.

ஜும்மா முடிந்து அரை மணி நேரத்தில் ஜெய்தூன் பீவி வந்தார். சலாம் சொல்லி, பர்தாவைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மடிக்கணினிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"இப்ப ஒன் மூக்குத்திக் கல்லு ஏழும் தெரியுது புள்ள. போடு."

நுஸைபா நின்றுகொண்டே சொன்னாள். மின்சாரம் குறைந்ததிலிருந்து தொடங்கி, மூன்றாவது டிஸ்க், துளை, டக் டக் சத்தம் வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். வரிசையாகச் சொன்னால் யாருக்கும் புரியும் என்று நினைத்திருப்பாள். ஜெய்தூன் பீவி கடைசிவரை கேட்டார்.

"அப்ப, இல்லையா?"

"இல்ல மாமி."

ஜெய்தூன் பீவி கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நுஸைபா பெங்களூரைப் பற்றிச் சொன்னாள். ரஃபியா சொன்னதையும் சொன்னாள். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"அனுப்பு."

"மாமி..."

"அனுப்பு புள்ள. ரஃபியா கால்ல நான் விழுகுறேன்."

"ரஃபியாக்கா சரின்னு சொன்னாலும், இன்னும் நூத்தி அறுவத்திரெண்டு வீடு இருக்கு மாமி. அந்தப் பிள்ளைக பூராவும் அதுல இருக்கு."

"இருக்கட்டுமே. அந்தப் பிள்ளைகளெல்லாம் உசுரோடதானே இருக்கு? வேணும்னா அவுக வீட்டுல போயி மூஞ்சியப் பாத்துக்கலாம்ல? நான் எங்கிட்டுப் போயிப் பாக்க?"

ஒரு வாக்கைக் காப்பாற்றினால் அதன் சுமை எப்போதும் அதைக் கொடுத்தவர் தலையில்தான் விழும் என்று நினைக்கிறோம். அன்று அது விழுந்தது, அந்த வாக்கை ஒருநாளும் கேட்காத ஒரு பெண்ணின் மேல்.

ஜெய்தூன் பீவி மூக்கைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறியது. "சரி. நீ எடுத்தவதானே? பாத்தவதானே? அவ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்னு நீயாச்சும் சொல்லு."

நுஸைபா யோசித்தாள். நான்கு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள். என்ன நிறம் உடுத்தியிருந்தாள், யாரோடு பேசினாள், சாப்பிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. ஒன்றே ஒன்று நினைவிருந்தது. அதைச் சொல்லவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"தட்ட வச்சுக்கிட்டு கேமராவுக்குக் குறுக்க குறுக்க வந்துச்சு மாமி. மணப்பொண்ணு மறைஞ்சு மறைஞ்சு போச்சு. ரெண்டு மூணு தடவ நகருமா நகருமான்னு சொன்னேன். அதனாலதான்... அந்த எடமெல்லாம் வெட்டிட்டேன்."

"வெட்டுனது நீயா?"

"நான்தான்."

"ரஃபியா சொல்லி இல்லையா?"

"யாரும் சொல்லல மாமி. எடிட் பண்ணுறப்ப நானா வெட்டுனதுதான்."

ஜெய்தூன் பீவி கண்ணாடியைக் கழற்றினார். "ரஃபியாதான் என் பிள்ளைய வேணும்னு படத்துல இருந்து எடுக்கச் சொல்லிட்டான்னு நெனச்சேன். பிப்ரவரியில இருந்து அவ சலாம் சொன்னாக்கூட நான் முகங்குடுக்கல." கண்ணாடியைச் சேலை முந்தானையில் துடைத்தார். "நகருமான்னு சொன்னியே, அதுக்கு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல மாமி. சிரிச்சுக்கிட்டே போயிருச்சு."

அந்தச் சிரிப்பு நினைவிலிருந்து வந்ததா, அந்த நேரத்துக்கு வாயில் வந்ததா என்று நுஸைபாவுக்கு இன்றும் தெரியாது. கேட்டால் தெரியாது என்றுதான் சொல்கிறாள்.

"சிரிச்சாளா? வாயப் பொத்திக்கிட்டா?"

"ம்... ஆமா மாமி."

"பொத்திக்குவா. பல்லு மேல பல்லு அவளுக்கு." ஜெய்தூன் பீவி தன் வாயைக் கையால் மூடிக் காட்டினார். கை அப்படியே நின்றது. "கையிலதான் தட்டு இருந்துச்சே? எப்பிடிப் பொத்துனா?"

நுஸைபா தரையைப் பார்த்தாள்.

"தெரியல மாமி."

ஜெய்தூன் பீவி தலையை ஆட்டினார். பர்தாவை மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போட்டார். வெயில் இன்னும் தணியவில்லை. அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ரஃபியா வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தார்.